பதினேழாம் எண் மூளையும் தொலைந்த குடையும்

ஆராய்ச்சி நிலையத்தின் பதினேழாம் எண் மூளை, அதன் சொந்தக்காரர் இறந்து இருபது லட்சம் ஆண்டுகள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அளந்தபோது மூன்று மில்லி வளர்ந்திருந்தது. அதே வாரம்தான் மாடிப்படிக் கைப்பிடிக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள். வண்ணம் காய்வதற்குள் தொட்டுவிட்ட பதினோரு பேர் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு அலைந்ததால், நிலையத்தில் எல்லோரும் கைப்பிடியைப் பற்றித்தான் பேசினார்கள். மூளை வளர்ந்த செய்தி பதிவேட்டில் ஒரு வரியாக ஏறி உட்கார்ந்தது. பதிவேட்டை யாராவது படிப்பார்கள் என்று நினைப்பவர்கள் அலுவலகத்தில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

மூளை என்பது பழக்கத்தில் சொல்வது. உண்மையில் அது ரப்பர். மனிதரோ மனிதருக்கு முந்திய தூரத்துச் சொந்தமோ இறந்துபோனால் மூளை சில நாட்களில் கெட்டுப்போகிறது, ஓடு மட்டும் கல்லாகி மிஞ்சுகிறது. ஆனால் உயிரோடிருந்த காலம் முழுக்க அந்த மூளை ஓட்டின் உட்சுவரை நெருக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த நெருக்கத்தில் அதன் மேடு பள்ளங்களும், மேலே ஓடிய ரத்தக் குழாய்களும் எலும்பில் தடம் பதித்துவிட்டுப் போயிருக்கும். ஓட்டுக்குள் திரவ ரப்பரை ஊற்றி, நாலாபுறமும் சுழற்றி, காயவிட்டு, மறுபடி ஊற்றி, ஏழெட்டுப் பூச்சு ஆன பிறகு, கழுத்தோடு சேரும் அடித்துளை வழியாக மடக்கிச் சுருட்டி உருவினால், வெளியே வந்ததும் அது விரிந்து, பழைய மூளையின் வடிவத்தில் உட்கார்ந்துகொள்ளும். மூளை எவ்வளவு பெரியது, இடப்பக்கம் கனமா வலப்பக்கம் கனமா, இடது நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் பேச்சுக்கு உரிய இடத்தில் மேடு உண்டா என்பதையெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் அதைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அந்த மூளை என்ன நினைத்தது, யாரோடு கோபித்துக்கொண்டது என்பதெல்லாம் ரப்பரில் தெரியாது. தெரியாது என்றுதான் அப்போது எல்லோரும் எண்ணியிருந்தார்கள்.

ரப்பரை ஊற்றுபவர் வார்ப்புக்காரர். அளப்பவர் அவருடைய மனைவி, அளவுக்காரம்மா. தரைத்தளத்தில், கண்ணாடி ஜன்னல் பாதி மட்டும் திறக்கும் அறையில், இருவரும் இருபத்தாறு வருடங்களாக வேலை பார்த்தார்கள். முதலில் அந்தம்மா வெறும் ஓட்டுக்குள் கடுகைக் கொட்டி, விரலால் தட்டி, குலுக்கி, மறுபடி கொட்டி, நிறைந்ததும் அளவுக் குவளையில் கவிழ்த்து எத்தனை மில்லி என்று எழுதுவார். பிறகு கணவர் வார்ப்பார். வந்த வார்ப்பின் துளையைத் தக்கையால் அடைத்து, விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த மூக்குப் பாத்திரத்தில் கண்ணாடிக் குச்சியால் அமுக்கி, மூக்கு வழியே வழிந்த தண்ணீரை அந்தம்மா மறுபடி அளப்பார். மனைவியின் கடுகும் கணவரின் ரப்பரும் ஒரே எண்ணைச் சொன்னால்தான் வார்ப்பு அலமாரிக்குப் போகும். பதினேழாம் எண்ணுக்குக் கடுகு நானூற்று ஐம்பத்திரண்டு என்றது, ரப்பரும் அதையே சொன்னது. அந்தத் தம்பதி வாழ்க்கையில் ஒத்துப்போன விஷயங்கள் எல்லாமே இப்படி மில்லி கணக்கில்தான் இருந்தன.

மற்றபடி அவர்கள் சண்டை போட்டார்கள். தினமும் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி வரை, அலமாரிக்குக் கீழே இருந்த மேஜையில், சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு போட்டார்கள். மின்விசிறி இரண்டில் சுற்ற வேண்டுமா மூன்றிலா, ரப்பர் டின்னின் மூடியைச் சரியாக மூடாமல் விட்டது யார், மகளுக்கு வாய் நீளமாக இருப்பது எந்தக் குடும்பத்திலிருந்து வந்தது என்று தலைப்புகள் மாறிக்கொண்டே போகும். எங்கே தொடங்கினாலும் கடைசியில் குடையில்தான் வந்து நிற்கும். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், வார்ப்புக்காரரின் அக்காவை ரயிலேற்றிவிட்டு மழையில் பஸ் பிடித்து வீடு திரும்பியபோது, மரக் கைப்பிடி போட்ட கறுப்புக் குடை காணாமல் போயிருந்தது. அது மனைவியின் மடியில் இருந்தது என்பார் அவர். அவர் கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்பார் அந்தம்மா. அவர் உடனே தன் அக்காவை இழுப்பார். "அன்னைக்கு அங்கயும் இதே மழை. எங்க அக்கா ஸ்டேஷன்ல இருந்து வீடு வரைக்கும் நடந்தே போயிருக்காங்க, ஒரு சொட்டு நனையல. பொறுப்புன்னா அது." அந்தம்மா டப்பாவை டொக்கென்று மூடுவார். நாத்தனார் என்ற சொல்லை அவர் சொல்லும் விதத்தில் ஒரு முழு வாக்கியத்தின் சூடு இருக்கும். இதைப் பார்த்து அவர்களுக்குள் ஆகாது என்று யாராவது முடிவுகட்டினால் அது தப்பு. அவருக்கு இருமல் வந்தால் அந்தம்மாவுக்கு வேலை ஓடாது.

ரப்பருக்கு வயதானால் சுருங்கும். அதனால் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை எல்லா வார்ப்புகளையும் மறுபடி அளப்பது வழக்கம். மற்ற மூளைகள் ஒழுங்காக அரை மில்லி, ஒரு மில்லி என்று சுருங்கின. பதினேழு மட்டும் வளர்ந்தது. முதல் முறை மூன்று, பிறகு சில மாதங்கள் ஒன்றுமில்லை, பிறகு ஒன்று. பன்னிரண்டு வருடங்களில் அது நானூற்று எழுபத்தெட்டை எட்டியது. உங்கள் ரப்பர் ஊதுகிறது என்றார் அளவுக்காரம்மா. உன் பாத்திரம் ஒழுகுகிறது என்றார் வார்ப்புக்காரர். இந்தச் சண்டை நடந்த மாதம் அது இரண்டு மில்லி கூடியது.

விஷயம் வெளியே வந்ததற்குக் காரணம் ஒரு நாய். பதினேழின் நகல் ஒன்றை வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று பல வருடங்களுக்கு முன் வாங்கியிருந்தது. அதை அங்கே காவலாளியின் நாய் கடித்துக் குதறிவிட்டதால் இன்னொரு நகல் கேட்டார்கள். புதிய நகல் பழைய பெட்டிக்குள் நுழையவில்லை. எது சரியான மூளை என்று கேட்டு அவர்கள் மிகவும் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார்கள். மரியாதையான கடிதம் என்றாலே நிலையத் தலைவர் அதை இரண்டு முறை படிப்பார். அவர் மீன் முள்ளில் பட்டம் வாங்கியவர், கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுவார். பதிவேட்டை அன்றுதான் முதன்முதலாகப் பிரித்தார். பன்னிரண்டு வருட வளர்ச்சியும் தேதி வாரியாக, அழகான கையெழுத்தில், அங்கேயே இருந்தது.

நிலையத்தில் பேராசிரியர்கள் இருவர். பதினேழின் இனம் பேசியிருக்கும் என்பவர் ஒருவர். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. பேசியிருக்கவே முடியாது என்பவர் மற்றவர். அவர் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. நிலையத்தில் அவர்களைப் பேசும் கட்சி, பேசாக் கட்சி என்றே அழைத்தார்கள். வளர்ந்த இருபத்தாறு மில்லியும் பெரும்பாலும் இடது நெற்றிப்பொட்டுக்குப் பின்னால், பேச்சுக்கு உரிய மேட்டில்தான் வளர்ந்திருந்தது. பேசும் கட்சி அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்கலங்கினார். பேசாக் கட்சி இது வார்ப்பில் செய்த மோசடி, இல்லாவிட்டால் அளவில் செய்த மோசடி, இரண்டில் ஒன்று என்று இரண்டரை மணி நேரம் விளக்கினார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பு சொன்னார். ஒரு மாதத்தில் விசாரணை. வார்த்தவர் தப்பு செய்தாரா, அளந்தவர் தப்பு செய்தாரா என்று முடிவாகும், தப்பு செய்தவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

வார்ப்புக்காரருக்கு இன்னும் நாலு வருட வேலை பாக்கி இருந்தது, வேறு எந்த வேலையும் தெரியாது. அளவுக்காரம்மாவுக்கோ அளவுதான் எல்லாம். ஒரு மில்லி தப்பாக எழுதினார் என்று யாராவது சொன்னால் அவருக்குச் சோறு இறங்காது. அந்த ஒரு மாதத்தில் அந்தம்மா பன்னிரண்டு வருடப் பதிவேட்டையும் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். மகளின் பிரசவத்துக்காக லீவில் போயிருந்த மாதம், வளர்ச்சி இல்லை. கணவருக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வராமல் போன மாதம், அரை மில்லி. நாத்தனார் வந்து தங்கியிருந்த மாதம், நாலு. மூன்றாவது வாரம் அந்தம்மா பதிவேட்டை மூடிவிட்டு அலமாரியை அண்ணாந்து பார்த்தார். மேஜைக்கு நேர் மேலே, காது உயரத்தில், பதினேழு உட்கார்ந்திருந்தது. அது பன்னிரண்டு வருடங்களாக அவர்கள் சண்டையை ஒட்டுக் கேட்டு வளர்ந்திருக்கிறது. பக்கத்திலேயே இருந்த பதினாறும் பதினெட்டும் ஏன் வளரவில்லை என்று பிற்பாடு சிலர் கேட்டார்கள். அவை குரங்குகளுடையவை, அடுத்தவர் குடும்ப விவகாரத்தில் அவற்றுக்கு ஆர்வமில்லை.

தலைவர் இதைக் கேட்டு இரண்டு கண்களையும் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, சரி, விசாரணையன்று குழுவின் முன்னால் சண்டை போட்டுக் காட்டுங்கள், மூளை வளர்ந்தால் யார் மேலும் தப்பில்லை, வளராவிட்டால் யார் தப்பு என்று அப்போதே சொல்லியாக வேண்டும் என்றார்.

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. பத்தொன்பது வருடமாகக் குடைக்காகச் சண்டை போட்டவர்களுக்கு அரை மணி நேரம் ஒரு பொருட்டா? ஆனால் விசாரணையன்று காலையில், கணவரின் சட்டையை இஸ்திரி போட எடுத்த அளவுக்காரம்மா, அதன் பையில் ஒரு கடிதத்தைக் கண்டார். ஒருவேளை மூளை வளராவிட்டால் கொடுப்பதற்காக எழுதி வைத்தது. கவனக்குறைவால் வருடாவருடம் இரண்டு பூச்சு கூடுதலாகப் பூசியது நான்தான், என் மனைவியின் அளவில் ஒரு மில்லி பிசகில்லை என்று எழுதியிருந்தார். அதே நேரத்தில், சாப்பாட்டுப் பையில் டப்பாவை வைக்கப் போன வார்ப்புக்காரர் அடியில் மடித்து வைத்திருந்த இன்னொரு கடிதத்தைக் கண்டார். என் கண்பார்வை மங்கிவிட்டது, பன்னிரண்டு வருடங்களாகத் தப்பாகத்தான் அளந்தேன் என்று அழகான கையெழுத்தில் இருந்தது. தன் வாழ்நாளிலேயே பெரிய பொய்யை அந்தம்மா அவருக்காக எழுதியிருந்தார். அது அன்புதான், வேறு பெயர் தேட வேண்டியதில்லை. இருவரும் கடிதங்களை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு பஸ் ஏறினார்கள். ஜன்னல் பக்கம் நீ உட்கார், இல்லை நீங்கள் உட்காருங்கள் என்று மாறி மாறி உபசாரம் செய்துகொண்டிருந்ததில், பின்னால் ஏறிய ஒரு தடித்த மனிதர் அங்கே உட்கார்ந்துவிட்டார். மிச்ச தூரம் இருவரும் நின்றுகொண்டே போனார்கள்.

விசாரணை பதினொரு மணிக்குத் தொடங்கியது. மேஜையின் நடுவில் மூக்குப் பாத்திரம், விளிம்பு வரை தண்ணீர், அதற்குள் கண்ணாடிக் குச்சியால் அமுக்கிப் பிடித்த நிலையில் பதினேழு. மூளை வளர்ந்தால் மூக்கு வழியே தண்ணீர் வழியும், கீழே அளவுக் குவளை வைத்திருந்தது. தலைவர் புது ஷூ போட்டிருந்தார். பேராசிரியர்கள் இருவரும் குவளைக்கு நேராகக் குனிந்து உட்கார்ந்தார்கள்.

"ம், ஆரம்பிங்க," என்றார் தலைவர்.

தம்பதி ஒருவரையொருவர் பார்த்தார்கள். வார்ப்புக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மின்விசிறி இரண்டிலேயே இருக்கட்டும் என்றார். உங்களுக்கு எது தோதோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அளவுக்காரம்மா. டின் மூடியை நான்தான் சில நாள் சரியாக மூடுவதில்லை என்றார் அவர். அதனால் என்ன, வேலை மும்முரத்தில் மறப்பது சகஜம்தானே என்றார் அந்தம்மா. பத்து நிமிடம் போனது. ஒரு சொட்டு வழியவில்லை. பேசாக் கட்சி தன் அறிக்கையின் முதல் பக்கத்தை எழுதி முடித்துவிட்டார். மகளின் வாய் நீளம் ஒரு வரம் என்ற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. வார்ப்புக்காரரின் கை சட்டைப்பையிலிருந்த கடிதத்தின் பக்கம் நகர்ந்தது. அதைப் பார்த்து அளவுக்காரம்மாவின் கை சாப்பாட்டுப் பைக்குள் போனது. அது வெளியே வருவதற்குள், மனைவிக்கு ஏதாவது ஒரு நல்லது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பில், வார்ப்புக்காரர் பத்தொன்பது வருடமாகச் சொல்லாததைச் சொன்னார்.

"சரி விடும்மா. அந்தக் குடையை நான்தான் பஸ்ல விட்டேன்னே வச்சுக்கோ."

அந்தம்மாவின் கை பைக்குள்ளேயே நின்றது.

"வச்சுக்கவா? என்னத்தை வச்சுக்க?"

"இல்லம்மா, விட்டுக் குடுக்குறேன்னு சொல்றேன்."

"பத்தொன்பது வருஷமா பொறுப்பில்லாதவ, மறதிக்காரின்னு பேர் வாங்கிக் குடுத்துட்டு, இன்னைக்கு நாலு பேர் முன்னாடி எனக்குத் தானம் பண்றீங்களா? நீங்க விட்டிருந்தா விட்டேன்னு சொல்லுங்க. வச்சுக்கோன்னா என்ன அர்த்தம்?"

"ஒருத்தன் இறங்கி வந்தா அதுவும் தப்பா? அது உன் மடியிலதான் இருந்துச்சு!"

"என் மடியில உங்க அக்கா குடுத்த ஊறுகாய் ஜாடி இருந்துச்சு!"

முதல் சொட்டு விழுந்தது. பிறகு சொட்டவில்லை, வழிந்தது. ரயில் நிலையத்தில் எந்த வாசலில் நின்றோம், பஸ்ஸில் யார் முதலில் ஏறினார்கள், குடைக்கு ஏன் பெயர் எழுதி ஒட்டவில்லை, சொன்னதைக் கேட்காதது எந்த வீட்டுப் பழக்கம் என்று சண்டை அறையை நிறைத்தது. ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் மாடியில் இருந்தவர்களும் கேட்டார்கள். அளவுக் குவளை நிறைந்தது. தண்ணீர் மேஜையில் ஓடி, பேசாக் கட்சியின் அறிக்கையை நனைத்து, தலைவரின் புது ஷூவுக்குள் இறங்கியது. அவர் காலை எடுக்கவில்லை. "எங்க அக்கா அன்னைக்கு ஒரு சொட்டு நனையாம வீட்டுக்குப் போனாங்க, தெரியுமா?" என்று வார்ப்புக்காரர் வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, பாத்திரத்துக்குள்ளிருந்து மூன்று குமிழிகள் மேலே வந்தன. மூன்றாவது குமிழி உடைந்ததும் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. கொஞ்சம் கரகரப்பாக இருந்தாலும் உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

"நாத்தனார்."

முதலில் விளங்கிக்கொண்டவர் அளவுக்காரம்மா. இந்த ஊரில் மழை, அந்த ஊரிலும் மழை. ரயில் ஏறியவர் கையில் குடை கொண்டுவந்ததாக யாரும் எப்போதும் சொன்னதில்லை. ஆனால் நனையாமல் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார். பத்தொன்பது வருடங்களாகத் தங்கள் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்ததை இருவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேலே உட்கார்ந்திருந்த ஒரு மூளை போட்டுக்கொண்டிருக்கிறது. வார்ப்புக்காரர் அக்காவுக்குப் போன் போட்டார்; தலைவர் உத்தரவின்படி எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"மரக் கைப்பிடி போட்டதுதானே? எங்கிட்டதான்டா இருக்கு," என்றார் அக்கா. "மழையா இருந்துச்சேன்னு எடுத்துக்கிட்டேன். நான் சொல்லல? ஏன், இப்ப அங்க மழையா?"

யார் மேலும் தப்பில்லை என்று தலைவர் ஈர ஷூவோடு கையெழுத்துப் போட்டார். பேசும் கட்சி அன்று பதின்மூன்று வார்த்தைகள் பேசினார். ஒரு சொல்லைச் சொன்னால் அது பேச்சாகிவிடாது, கிளியும்தான் சொல்கிறது என்று பேசாக் கட்சி தன் அறிக்கையைத் திருத்தி எழுதத் தொடங்கினார், இன்னும் எழுதுகிறார். பழைய ஓட்டுக்குள் மூளை இனி போகாது என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது இதிலிருந்து எடுத்தது, இப்போது பொருந்தாது என்று ஒரு அட்டையும் வைத்தார்கள். வளரும் பிள்ளைக்குத் துணி எடுப்பதுபோல வருடத்துக்கு ஒரு பெட்டி செய்வித்தார்கள். பதினேழை மட்டும் இனிமேல் தினமும் நாலு மணிக்கு அளக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. குடை தபாலில் வந்து, அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது.

குடை வந்துவிட்டதே, இனி எதற்குச் சண்டை போடுவார்கள் என்று நிலையத்தில் கொஞ்சம் கவலைப்பட்டார்கள். அதற்கு அவசியம் இருக்கவில்லை. "எனக்கு அவங்க அக்கா. அதுவும் அக்கான்னு சொன்னா என்ன? நாத்தனார்னு சொன்னா அது உன் பக்கம்னுதானே அர்த்தம்?" என்றார் வார்ப்புக்காரர். நியாயம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் மூளையுள்ளவர்கள் நிற்பார்கள் என்றார் அளவுக்காரம்மா. "ஊத்தி எடுத்தது நானு. எட்டுப் பூச்சு," என்றார் அவர். நிஜமாகவே அவருக்கு மனது விட்டுப்போயிருந்தது. ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வாரம் ஒருமுறை எல்லா வார்ப்புக்கும் பவுடர் பூசுவது அவர் வேலை. மூன்று மாதம் அவர் பதினாறுக்குப் பூசினார், பதினெட்டுக்குப் பூசினார், பதினேழைத் தாண்டிப் போனார்.

ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்கு, அளவுக்காரம்மா கடுகு வாங்க ஸ்டோருக்குப் போயிருந்தார். வார்ப்புக்காரர் தனியாக நின்று ரப்பர் டின்னை மூடிக்கொண்டிருந்தார். பின்னால் அலமாரியிலிருந்து, பக்கத்து அறைக்குக் கேட்காத அளவு மெதுவாக, ஒரு குரல் வந்தது.

"அக்கா."

அவர் திரும்பவில்லை. மூடியை இறுக்கமாக, இரண்டு முறை அழுத்தி மூடினார். பிறகு பவுடர் டப்பாவை எடுத்து வந்து பதினேழுக்கு முன்னால் பூசினார், பின்னால் பூசினார், இடது நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் கொஞ்சம் கூடுதலாகப் பூசி விரலால் தடவிவிட்டார்.

நாலு மணிக்கு அளவுக்காரம்மா பதினேழை அளந்தார். அன்று காலையிலிருந்து சண்டை எதுவும் நடக்கவில்லை, ஆனாலும் ஒரு மில்லி கூடியிருந்தது. பவுடர் வாசனை அடிப்பதைக் கவனித்தார், இறுக்கமாக மூடியிருந்த டின்னைக் கவனித்தார், ஒன்றும் கேட்காமல் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.